ஏற்றத்தில் இளைத்த மோட்டார்

நோயாளியின் நாடியைப் பார்த்த பின்னரே மருந்து கொடுத்தல் முறை. நாடி பாராது கொடுத்தால் நோயும் தீராது, கைப்பொருளும் கரைந்துவிடும். பழைய மோட்டார் வண்டிக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நாம் அண்மையில் நேரிற் கண்டோம்.

கண்டியில் வாழும் நம் நண்பர் ஒருவரிடம் அவர் தந்தையார் விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் வண்டி ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றி, 1970களின் தொடக்கம்வரை செய்யப்பட்ட அவ்வின வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுவதை வாசகர்கள் அறிவர். நண்பரின் வண்டியோ சில மாதங்களாக விந்தையான போக்குக் காட்டிற்று. வீட்டு வாயிலில் சீராக இயங்கும், சந்தைக்குப் போய்வரும், கடுகண்ணாவை ஏற்றத்திலோ இருமும், திணறும், நின்றுவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் மீண்டும் ஓடும்.

ஒருவர் காபுரேற்றரைக் கழற்றிக் கழுவினார். மற்றொருவர் பிளக்குகளை மாற்றினார். மூன்றாமவர், "எஞ்சின் தேய்ந்துவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்றார். நண்பரும் மனமுடைந்து அற்ப விலைக்கு இசைந்துவிட்டார். ஒப்படைப்பதற்கு இரு தினங்கள் முன்னர், கடைசி முறையாக அதிற் சென்றுவர நம்மையும் அழைத்தார்.

அன்றும் அதே ஏற்றத்தில் வண்டி நின்றது. இம்முறை ஓய்வு கொடுத்தும் பயனில்லை. பின்னால் லொறிகள் ஊதத் தொடங்கின. வழியோரக் கடையிலிருந்து வந்த முதியவர் ஒருவர் எதையும் கழற்றவில்லை. சாவியைத் திருப்பச் சொல்லிச் செவிகொடுத்துக் கேட்டார். பின் ஸ்பனரின் கைப்பிடியால் ஒரு சிறு கருவியை மெல்லத் தட்டினார். 'டிக், டிக்' என்று ஒலி எழுந்தது. வண்டியும் உயிர் பெற்றது. அக்கருவியே பெற்றோல் பம்பு.

இவ்வண்டியின் பெற்றோல் தாங்கி பின்புறத்தில் உள்ளது. பம்போ முன்புறத்தில் எஞ்சின் அறைச் சுவரில் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அதிலுள்ள கம்பிச் சுருள் காந்தமாகி ஒரு மென்தகட்டை இழுக்கும். பெற்றோல் உள்ளே வரும். இழுப்பு முடிந்ததும் தொடுமுனைகள் விலகி மின்சாரம் அறும். வில்சுருள் தகட்டைத் தள்ள, பெற்றோல் காபுரேற்றருக்குச் செல்லும். அங்குள்ள சிறு கிண்ணம் நிறைந்ததும் பம்பு தானே அடங்கும்.

தொடுமுனைகள் கருகினால் பம்பு சோர்ந்துவிடும். சமதரையில் எஞ்சின் கேட்பது சிறிதாகையால் குறை தெரியாது. ஏற்றத்தில் எஞ்சினின் தேவை பெருகும். தாங்கியும் தாழ்ந்துவிடுவதால் பெற்றோலை மேலும் உயர இழுக்க வேண்டும். கிண்ணம் வறள, காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை எஞ்சினை அடையும். இருமலுக்குக் காரணம் இதுவே. இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறி வால்வுகளும் கருகக்கூடும். அப்போது "எஞ்சின் போயிற்று" என்ற பொய், மெய்யாகிவிடும்.

பழைய வண்டி வைத்திருப்போர் சில குறிகளை மனத்திற் கொள்க. மின்பொறி அறுந்தால் எஞ்சின் சட்டென நிற்கும். பெற்றோல் குறைந்தால் இருமி இருமி நிற்கும். சோக்கைச் சிறிது இழுத்ததும் வலு மீண்டால், குறை பெற்றோலில் என ஐயுறலாம். மின்பம்பு ஓயாது விரைந்து ஒலித்தால் தாங்கி வெறுமையாயிருக்கலாம், அல்லது குழாயிற் காற்றுப் புகலாம். ஒலியே இல்லையெனில் தொடுமுனைகளையும் மின்கம்பிகளையும் பார்க்க வேண்டும். எஞ்சினால் இயங்கும் பம்புள்ள வண்டிகளில் இவ்வொலி கேளாது. அவற்றில் மென்தகடு கிழிந்தால் பெற்றோல் எண்ணெயிற் கலக்கும். எண்ணெய் அளக்கும் கோலில் பெற்றோல் மணம் வீசினால் வண்டியை ஓட்டலாகாது. எவ்வகைப் பம்பாயினும் சோதிக்கும்போது நெருப்புக்குச்சியோ சிகரெட்டோ அருகில் வரக்கூடாது.

தட்டுவது வீடு சேர்வதற்கான உபாயமேயன்றி மருந்தன்று. மறுநாள் அம்முதியவரே பம்பைப் பிரித்துத் தொடுமுனைகளைத் துப்புரவு செய்து, இறுகிப்போன மென்தகட்டையும் மாற்றினார். மாலையில் அதே ஏற்றத்தை வண்டி ஒருமுறையும் இருமாது கடந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. வீடு சேர்ந்ததும், வாங்கிய முற்பணத்தை எண்ணி உறையிலிட்டு, உரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவரப் புறப்பட்டார். அவ்வண்டியிலேயே புறப்பட்டார் என்பதையும் நாம் சொல்லவேண்டும்.