மேலாளர் சீறினால் உண்மை ஒளிந்துகொள்ளும்: புதிய செடெனாக்கில் பழைய துரைத்தனம் வேண்டாம்

கூலாய் மாவட்டத்துச் செடெனாக் என்றதும் செம்பனைத் தோட்டம் நினைவுக்கு வந்த காலம் மாறி வருகிறது. செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் தரவு மையங்கள் எழுந்துவிட்டன. 2025 ஜனவரி 7ஆம் தேதி கையெழுத்தான ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில், ஒன்பது முதன்மைப் பகுதிகளுள் செடெனாக்கும் ஒன்று. முதல் ஐந்தாண்டுகளில் 20,000 திறன்சார் வேலைகள் என்பது இலக்கு.

வேலை வருவது நல்லதுதான். அங்கே மேலாளர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

தோட்டத் தமிழருக்கு இது புதிய கேள்வி அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, தொழிலாளர்கள் சம்பள உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், முரட்டுத்தனமாக நடக்கும் அலுவலர்களை மாற்ற வேண்டும், பெண்களைத் தொல்லைப்படுத்துவது நிற்க வேண்டும் என்றும் கேட்டனர். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, தொழிலாளர் உயிர்கள் பலியாயின.

மேலே உள்ளவரின் மனநிலை அவரோடு நிற்பதில்லை. மேலாளர் மேற்பார்வையாளரிடம் எரிந்து விழுவார். அவர் மண்டோரிடம் காட்டுவார். மண்டோர் தொழிலாளியிடம் காட்டுவார். பிறகு எல்லாரும் முகம் பார்த்துப் பேசப் பழகிவிடுவார்கள். கெட்ட செய்தியைக் கொண்டுபோக எவரும் துணிய மாட்டார்கள்.

அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்து 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறைத் துணிந்து சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். பயந்து வேலை செய்யும் இடத்தில் தவறு குறைவதில்லை, மறைகிறது.

எண்ணெய் ஆலையின் கொதிகலனில் கேட்கும் புதுச் சத்தமும் தரவு மையத்தில் ஏறும் வெப்பமும் முதலில் கீழ்நிலை ஊழியரின் கண்ணிலும் காதிலும்தான் படும். "ஏச்சு வாங்குவானேன்" என்று அவர் வாயை மூடிக்கொண்டால், அதன் விலை உயிராகவும் இருக்கலாம்.

சட்டத்திலும் ஓரளவு இடமுண்டு. முதலாளியின் நடத்தை வேலை ஒப்பந்தத்தையே முறிக்கும் அளவுக்குப் போய், தொழிலாளி விலக நேர்ந்தால், அதை மறைமுகப் பணிநீக்கமாகக் கருதி வழக்காடலாம். 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். ஒருநாள் ஏச்சு இதற்குப் போதாது. ஆகவே, அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுக்குமுன் தொழிற்சங்கத்தையோ இலாகாவையோ கேட்பது நல்லது. நடந்ததைத் தேதியோடு எழுதி வைப்பதும் உதவும்.

இன்று நம்மவர் பலரும் மேற்பார்வையாளர் நாற்காலியில் இருக்கிறார்கள். தாத்தா துரையிடம் பட்டதைப் பேரன் தன் குழுவுக்குத் திருப்பித் தரக்கூடாது. கண்டிப்பு வேண்டும், ஆனால் தவறு நடந்ததும் "எவன் செய்தது?" என்று பாய்வதற்கு முன், "என்ன நடந்தது?" என்று கேட்கும் மேலாளரிடம்தான் உண்மை நேரத்தோடு வந்து சேரும்.