வெள்ளிக் கம்பியும் வெங்கடேச சுப்ரபாதமும்

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய தமிழ்க் குடும்பங்களின் பரண்களிலிருந்து இசைத்தட்டுகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. தாத்தா வாங்கி, அப்பா மறந்து, பேரன் தூசி தட்டும் தட்டுகள். 1963-ல் வெளியான எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் அநேகமாக எல்லாக் கட்டிலும் இருக்கும். ஜி.என்.பி.யும் லால்குடியும் துணைக்கு வருவார்கள். தாராவியில் பழைய மைக்செட்காரர்களின் பெட்டியைத் திறந்தால் சிவாஜி, எம்.ஜி.ஆர். படப் பாட்டுகள்.

இந்த மோகம் இங்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1987-க்குப் பிறகு முதல் முறையாக 2022-ல் சி.டி.க்களைவிட இசைத்தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. செத்துப்போனதாக எழுதப்பட்ட தொழில் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னாலேயே அதன் பழைய வைத்தியர்களும் வந்துவிட்டார்கள்.

பேரன் டர்ன்டேபிளைத் துடைத்து மின்சாரம் கொடுக்கிறான். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பேசுகிறது. அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். 'ச', 'ஷ' வருமிடத்தில் எல்லாம் குரல் பிசிறுகிறது. விஷயம் தெரிந்த நண்பர் யாராவது ஒருவர் இருப்பார். அவர் ஆலோசனை தயாராக இருக்கும்: "டோன் ஆர்முக்குள் இருக்கும் செப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டு வெள்ளிக் கம்பி போடு. ஒலி கண்ணாடி மாதிரி ஆகிவிடும்." கம்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை ஆயிரங்களில். மாற்றித் தருபவரின் கூலி தனி.

டோன் ஆர்ம் என்பது ஊசியைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் கை. அதன் குழலுக்குள் முடி போன்ற நான்கு கம்பிகள் ஓடுகின்றன: இடது பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும், வலது பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும். நீளம் சுமார் 30 சென்டிமீட்டர். ஊசிக்கு மேலே உள்ள கார்ட்ரிட்ஜில் உருவாகும் மின் அலையை இவை ஆம்ப்ளிஃபயரை நோக்கிக் கொண்டு போகின்றன. அந்த மின் அலை மிகவும் பலவீனமானது. பரவலாகப் பயன்படும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவில்தான். டார்ச் லைட் பேட்டரியின் அழுத்தத்தில் முந்நூறில் ஒரு பங்கு. இத்தனை சன்னமான சமாசாரம் நல்ல கம்பியில் போக வேண்டாமா என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். வெள்ளிக் கம்பி வியாபாரம் நிற்பதும் இந்த நியாயத்தின் மேல்தான்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. உலோகங்களில் மின்சாரத்தை மிகச் சிறப்பாகக் கடத்துவது வெள்ளி. சந்தேகமில்லை. செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம் மேல். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி ஆர்முக்குள் போய்த் திரும்பும் தூரத்துக்குச் செம்பின் மின்தடை சுமார் 1.3 ஓம், வெள்ளியின் தடை 1.2 ஓம். வித்தியாசம் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கம்பி போய்ச் சேரும் ஆம்ப்ளிஃபயரின் உள்வாயில் 47,000 ஓம். கார்ட்ரிட்ஜுக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளே பல நூறு ஓம், அதுவும் பெரும்பாலும் சாதாரணச் செம்பு. ஆக, செம்பை எடுத்துவிட்டு வெள்ளியைப் போட்டால் கிடைக்கும் ஆதாயம் சுமார் ஏழு லட்சத்தில் ஒரு பங்கு. இதைக் காதால் கேட்க மனிதப் பிறவி போதாது.

தங்கத்தின் கதை இன்னும் வேடிக்கை. அது செம்பைவிட மட்டமான கடத்தி. பிளக்குகளுக்குத் தங்க முலாம் பூசுவது வேகமாகக் கடத்த அல்ல, கறுக்காமல் இருக்க.

'ஆக்சிஜன் இல்லாத செம்பு' என்ற பெயரும் விற்கிறது. உண்மையான பொருள்தான். வெற்றிடக் குழாய்கள் செய்யவும், ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கிப் பற்றவைக்கவும் அது தேவைப்பட்டது. சாதாரணச் செம்பில் உள்ள துளி ஆக்சிஜன் அந்தச் சூட்டில் உலோகத்தை நொறுங்க வைத்துவிடும். மின்சாரத்தைக் கடத்துவதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சதவீத அளவுக்குள் அடங்கிவிடும். வரவேற்பறையில் இருக்கும் ரிக்கார்ட் பிளேயரை ஹைட்ரஜன் உலையில் யாரும் வைப்பதில்லை.

இன்னொன்று, உயர் ஸ்தாயி ஒலி கம்பியின் தோலில் மட்டுமே ஓடும் என்ற வாதம். ரேடியோ அலைகளுக்கு இது பொருந்தும். காது கேட்கும் எல்லையான 20,000 சைக்கிளில், செம்பில் அந்தத் 'தோலின்' தடிமன் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். கம்பியே அதில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்தான். தோலுக்குள் முழு உடம்பும் அடக்கம்.

எல்லாவற்றையும்விட எளிமையான வாதம் ஒன்று உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கிலிருந்து தட்டு வெட்டும் எந்திரம் வரை அந்தப் பாட்டு மீட்டர் கணக்கில் செப்புக் கம்பிக்குள் பயணம் செய்துவிட்டுத்தான் தட்டில் ஏறியது. 1963-ல் திறக்கப்பட்ட சண்முகானந்தா அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நேரடியாகக் கச்சேரி கேட்டவர்களும் மைக் செட்டின் செப்புக் கம்பி வழியாகத்தான் கேட்டார்கள். அத்தனை தூரம் செம்பில் வந்த பிறகு கடைசி ஓரடியில் வெள்ளி எதைத் திருத்தப் போகிறது?

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1983-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் ஸ்பீக்கர் ஒயர்களை வைத்துக் கண்கட்டுச் சோதனை நடத்தியது. சத்த அளவைச் சமப்படுத்திவிட்டு இசையைப் போட்டபோது, விலையுயர்ந்த ஒயரையும் தடித்த விளக்கு ஒயரையும் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007-ல் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் என்றார். கேபிள் தயாரித்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சோதனை நடக்கவே இல்லை.

அப்படியானால் வெள்ளிக் கம்பி போட்டதும் பாட்டு துலங்கியது என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. அவர்கள் கேட்டது உண்மை. புகழ் மட்டும் ஆள் மாறிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கம்பி மாற்றுகிறவர் என்னென்ன செய்கிறார் என்று பார்த்தால் விளங்கும். பழைய கிளிப்புகளைக் கழற்றுகிறார். பச்சை பூத்த முனைகளைச் சுரண்டுகிறார். விட்டுப்போன பற்றவைப்புகளைப் புதிதாக வைக்கிறார். எர்த் கம்பியை இறுக்குகிறார். கார்ட்ரிட்ஜை நேராக்கி, ஊசியின் பாரத்தைச் சரிபார்க்கிறார். இருபது வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தவர், வெளிச்சம் கூடியதற்குப் புதிய பல்பைப் பாராட்டுவது போல இது. அந்த வேலைகளைச் செப்புக் கம்பியோடு செய்திருந்தாலும் பாட்டு துலங்கியிருக்கும்.

குறிப்பாக மும்பையில். நான்கு மாத மழை, கடலின் உப்புக் காற்று. செம்பு பச்சை பிடிக்கும், வெள்ளி கறுக்கும். காற்றிலுள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. டிராம்பேயின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளையும் உரத் தொழிற்சாலையையும் பக்கத்தில் வைத்திருக்கும் செம்பூரில், வெள்ளிக் குங்குமச் சிமிழைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்த மாமிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை ஒவ்வொரு கம்பிக்கும் பல இணைப்புகள். அவற்றில் ஒன்று தளர்ந்து கறுத்தாலே போதும், ஒரு ஸ்பீக்கர் விட்டு விட்டுத்தான் பேசும்.

கம்பியில் கவனிக்க வேண்டியது அதன் ஜாதியை அல்ல, குணத்தை. முதலில் ரீங்காரம். ஆம்ப்ளிஃபயர் அந்தச் சன்ன அலையை நூறு மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் கீழ் ஸ்தாயியை அடக்கி வெட்டுவது வழக்கம் என்பதால், திரும்பக் கேட்கும்போது அதைத் தூக்கிவிட வேண்டும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 சைக்கிள் அந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் உள்ளே நுழையும் ரீங்காரம் மட்டும் நடு ஸ்தாயியைவிட ஏழு மடங்கு கூடுதலாகப் பெருகும். இதற்கு மருந்து சரியான மறைப்புள்ள ஒயரும், ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இறுக்கிய எர்த் திருகும். விலை சில ரூபாய்கள்.

அடுத்தது டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே போகும் வெளி ஒயர். எந்த ஒயரும் கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அதைப் பிக்கோஃபாரட் கணக்கில் அளக்கிறார்கள். காந்த வகைக் கார்ட்ரிட்ஜின் சுருளோடு அது சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஸ்தாயியில் ஒலியை முட்டித் தூக்கும், அதற்கு மேல் சரியவிடும். அரை ஹென்றி அளவுள்ள சுருளோடு 200 பிக்கோஃபாரட் சேர்ந்தால் அந்த முட்டு 16,000 சைக்கிள் அருகில் வரும். நீள ஒயர் போட்டு 400 ஆக்கினால் 11,000-க்கு இறங்கிவிடும். இது காதுக்குத் தெரியும். தம்பூராவின் ஜீவாளியும் மிருதங்கத்தின் சாப்பும் அந்தப் பிரதேசத்தில்தான் மின்னுகின்றன. கம்பி பற்றிய பேச்சில் உண்மையாகவே காதில் விழும் விஷயம் இதுதான். விளம்பரங்கள் இதைவிட உலோகத்தின் பெயரைத்தான் பெரிதாகப் போடுகின்றன. தடித்த, நீண்ட, பகட்டான ஒயர் இங்கே கெடுதலாகவும் முடியலாம்.

மூன்றாவது, வளைவு. ஆர்ம் தன் அச்சில் திரும்பும் இடத்தில் கம்பியும் சேர்ந்து முறுக வேண்டும். ஊசியின் பாரமே ஒன்றரை, இரண்டு கிராம்தான். விறைப்பான கம்பி அங்கே ஸ்பிரிங் போல நின்று ஆர்மைப் பக்கவாட்டில் தள்ளினால், ஊசி பள்ளத்தின் ஒரு சுவரிலேயே சாய்ந்து உராயும். சன்னமான இழைகளைத் திரித்த கம்பியை ஆர்முக்குள் போடுவது இதற்காக. அந்த இழை செம்பா வெள்ளியா என்று ஊசிக்குத் தெரியாது.

நேர்த்தியான கை தேவைப்படும் வேலை இது. ஒவ்வொரு இழையின் மேலும் எனாமல் பூச்சு இருக்கும். அது எரிந்து போகாமல் ஈயம் ஒட்டாது. கார்ட்ரிட்ஜின் பின்னில் நேரடியாகச் சூட்டுக்கோலை வைத்தால் உள்ளே இருக்கும் முடிக் கம்பி அறுந்து, கதை அதோடு முடிந்தது. ஒரு பக்கத்தின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிவிட்டாலோ இரு ஸ்பீக்கர்களும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும். பழைய மோனோ தட்டில் எம்.எஸ். குரல் கிணற்றுக்குள் இருந்து வரும். லாமிங்டன் ரோட்டில் வெள்ளிக் கம்பிக்கு விலை கேட்பவர்கள், கம்பியைத் தொடப்போகிறவர் இதுவரை எத்தனை ஆர்ம் பார்த்திருக்கிறார் என்று விசாரித்தால் பணம் மிச்சமாகும்.

இத்தனையும் பேசும்போது ஊசியை மறந்துவிடுகிறார்கள். வைர ஊசியின் ஆயுள் 500 முதல் 1,000 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. தினமும் காலையில் அரை மணி நேரம் பக்திப் பாட்டு ஒலித்த வீட்டில் வருடத்துக்கு 180 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வருடத்துக்குள் 500 தாண்டிவிடும். தாத்தா காலத்து ஊசியோடே தட்டை ஓட்டும் வீடுகள் இன்னும் உண்டு. தேய்ந்த ஊசிக்கு உளியின் விளிம்பு வந்துவிடுகிறது. அது பாட்டைப் படிப்பதில்லை, செதுக்குகிறது. 'ச'வும் 'ஷ'வும் பிசிறியது அதனால்தான். ஒரு முறை செதுக்கப்பட்ட பள்ளத்தை எந்த உலோகமும் திரும்ப நிரப்பாது. கம்பியைப் பத்து வருடம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். மறுபதிப்பு வராத ஒரு தட்டு போனால் போனதுதான்.

கழற்றி எறிந்த பழைய செம்பு எங்கே போகும்? மும்பையின் கழிவில் கணிசமான பங்கு எங்கே போகிறதோ அங்கே. தாராவியின் 13 காம்பவுண்ட் போன்ற இடங்களில் பழைய பொருட்களைப் பிரித்து, உரித்து, கிலோ கணக்கில் விற்கிறார்கள். ஒயரை உரிக்காமல் பிளாஸ்டிக்கோடு எரித்துச் செம்பெடுப்பவர்கள் சுவாசிக்கும் புகையில் அமில வாயுவும் டையாக்சினும் கலந்திருக்கின்றன. மின்சார முறையில் முறையாகச் சுத்திகரித்து 99.99 சதவீதம் ஆக்கிவிட்டால், அந்தக் கழிவுச் செம்புக்கும் சுரங்கத்திலிருந்து புதிதாக வந்த செம்புக்கும் மின்சாரம் வித்தியாசம் பார்ப்பதில்லை. முன்பு அது மிக்ஸியின் மோட்டாரில் இருந்ததா, மைக் செட்டில் இருந்ததா என்ற ஞாபகம் உலோகத்துக்குக் கிடையாது.

டோன் ஆர்மிலிருந்து உருவிய நான்கு கம்பிகளை அங்கே தராசில் வைத்தால் முள் அசையாது. அத்தனையும் சேர்ந்து பத்தில் ஒரு கிராம்கூட இல்லை. அந்த இடத்தில் போய் உட்காரும் வெள்ளியின் எடையும் கிட்டத்தட்ட அதேதான். ஜவேரி பஜாரில் கொடுத்தால் ஒரு கொலுசு மணிக்குக் காணாது.