கருப்புத் திரையும் நூற்றுக்கு நூறும்

சொந்தமாக ஒரு வலைத்தளம் செய்து முடித்த மாணவர் முதலில் செய்யும் காரியம், அதன் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்ப்பதுதான். வராது. இரண்டு வாரம் கழித்தும் வராது. உடனே "எஸ்.இ.ஓ செய்து தருகிறோம்" என்று காசு கேட்கும் ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். பர்ஸைத் திறப்பதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

லைட்ஹவுஸ் என்று ஒரு கருவி. கூகுள் 2016-ல் வெளியிட்ட திறமூல மென்பொருள். இதில் எஸ்.இ.ஓ சோதனைகள் 2018-ல் சேர்ந்தன. குரோம் உலாவியில் எப் 12 தட்டினாலே இது கிடைக்கும். அப்புறம் எதற்குக் கருப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும்? தளத்தில் நாற்பது பக்கம் இருந்தால் நாற்பது தடவை மவுஸை அழுத்திச் சோதிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. கட்டளை வரியில் என்றால் முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி, சின்னதாக ஒரு லூப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

நிறுவுவதும் சுலபம். கணினியில் குரோமும் நோட் ஜேஎஸ்ஸின் புதிய பதிப்பும் இருக்க வேண்டும். நோட் உடன் வரும் என்.பி.எம் மூலம் ஒரே வரியில் லைட்ஹவுஸ் இறங்கிவிடும். பிறகு அதன் பெயரையும் பக்க முகவரியையும் அடித்து, எஸ்.இ.ஓ பிரிவு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டால் சீக்கிரமே அறிக்கை வந்துவிடும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது மதிப்பெண் அல்ல, "தேடுபொறி உள்ளே வரலாமா" என்கிற சோதனை. வேர்ட்பிரஸ்ஸில் தளம் கட்டும்போது தேடுபொறிகள் வரவேண்டாம் என்று ஒரு டிக் போடும் வசதி உண்டு. வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்தால், எத்தனை நல்ல கட்டுரை எழுதினாலும் கூகுள் காட்டாது. வாசலைப் பூட்டிவிட்டு விருந்தாளி வரவில்லையே என்று வருத்தப்படுகிற கதை! இந்த ஒரு சோதனையில் தோற்றாலே இன்றைய பதிப்பில் மதிப்பெண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சரியான தண்டனைதான். ஆனால் சொந்தக் கணினியில் ஓடும் நகலை மட்டும் சோதித்தால் இது மாட்டாமல் போகலாம். தளம் ஏறிய பிறகு இன்னொரு தடவை ஓட்டியே ஆகவேண்டும்.

அடுத்தது சுட்டிகளின் சொற்கள். "இங்கே கிளிக் செய்யவும்", "மேலும் அறிக" என்று சுட்டி கொடுத்தால் தமிழிலேயே கண்டுபிடித்துக் குறை சொல்லும். யாரோ புண்ணியவான்கள் அந்தப் பட்டியலில் தமிழையும் சேர்த்திருக்கிறார்கள்.

மற்ற பல கருவிகளுக்கு இந்த அக்கறை இல்லை. தலைப்பு அறுபது எழுத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. யூனிகோட் குறிகளை எண்ணும் நிரலுக்கு ஐந்து. முக்கியச் சொல் இத்தனை தடவை வரவேண்டும் என்பார்கள். "கோயில்", "கோயிலில்", "கோயிலுக்கு" மூன்றும் அந்த நிரலுக்கு மூன்று வேறு சொற்கள். அதை நம்பி ஒரே சொல்லை வரிக்கு வரி திணித்த தமிழ்ப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். முக்கியச் சொற்களுக்கான மெட்டா குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்னும் அதை நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்!

லைட்ஹவுஸின் நூற்றுக்கு நூறைப் பார்த்தும் மயங்கவேண்டாம். தலைப்பும் இரண்டு வரி விவரமும் மட்டும் வைத்து, உள்ளே ஒரே ஒரு வாக்கியம் எழுதிய பக்கத்தைச் சோதித்துப் பாருங்கள். அதுவும் நூறு வாங்கிவிடும். கட்டுரையில் சரக்கு இருக்கிறதா, தகவல் சரியா என்று இந்தக் கருவி பார்ப்பதே இல்லை. பார்ப்பதாக அது சொல்லவும் இல்லை. மதிப்பெண்ணைப் படம் பிடித்து விளம்பரத்தில் போடுகிறவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன், அதே பக்கத்தை வீட்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.