டர்போ பாஸ்கல்: 40 கேபி கம்பைலரை இன்னும் ஏன் கொண்டாடுறாங்க?

1983-ல் வந்த டர்போ பாஸ்கலை, பழைய கம்ப்யூட்டர்களைத் தூசு தட்டி இன்றும் ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதுசாக இருக்கலாம். ஆனால், அதே போர்லண்ட் நிறுவனத்தின் டர்போ சி++ நீலத் திரையைப் பலரும் லேபில் பார்த்திருப்பார்கள்.

அப்படி என்ன விசேஷம்?

சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த், மாணவர்களுக்குக் கற்றுத்தருவதற்காக 1970-ல் வெளியிட்ட மொழி பாஸ்கல். எதையும் முதலில் அறிவித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அதனால் கம்பைலர், புரோகிராமை ஒரே தடவை படித்தே எந்திர மொழிக்கு மாற்றிவிடும். டர்போ பாஸ்கலின் வேகத்துக்கு இதுவே அடிப்படை. விலை 49.95 டாலர்தான். அதன் 3-ம் பதிப்பில் எடிட்டர், கம்பைலர் இரண்டும் சேர்ந்தே 40 கேபிக்குள் அடங்கின. வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படமே இன்று அதைவிடப் பெருசு! இதை எழுதிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் பின்னாளில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளை வடிவமைத்தார்.

இதில் என்ன கத்துக்கலாம்?

டர்போ பாஸ்கலில் 30,000, 10,000 என்ற இரண்டு இன்டிஜர்களைக் கூட்டி, இன்னொரு இன்டிஜரில் வைத்தால் -25,536 வரும். காரணம், 16 பிட்டில் 32,767-ஐத் தாண்ட இடமில்லை. இன்றைய 32 பிட் இன்டிஜருக்கும் எல்லை உண்டு, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போ லேபிலும் பழசே போதுமா?

போதாது. டர்போ சி++ 3.0 வந்தது 1990-களின் தொடக்கத்தில். சி++ மொழிக்குச் சர்வதேசத் தரம் வந்ததே 1998-ல்தான். அதில் பழகிய 'ஐஓஸ்ட்ரீம்.ஹெச்', 'கிளியர் ஸ்கிரீன்' எல்லாம் இன்றைய ஜிசிசி கம்பைலரில் எரர் காட்டும். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் வேண்டும். பெங்களூரு வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட் எழுதும் திருச்செங்கோட்டு மாணவரின் புரோகிராம் இதனால் ஓடவில்லை என்றால், அது அவருடைய குறை இல்லை. லேபில் கொடுத்த கருவியின் வயசு.

பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்த்து வேலை பழகலாம். லோடு ஏற்றி லைனுக்குப் போக இன்றைய வண்டி வேண்டும். லேபில் ஜிசிசி இருக்கட்டும். பாஸ்கல் பழக ஆசையா? விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் ஃப்ரீ பாஸ்கல் இலவசமாகவே கிடைக்கிறது.