செய்மதியின் சாட்சியும் கடைமடைக் கமக்காரரும்

கால்வாய் வெட்டுவதற்கெனப் பொதுமக்களின் பணத்தைச் செலவிடும் அரசாங்கங்கள், வெட்டிய கால்வாயால் எத்தனை ஏக்கருக்கு உண்மையில் நீர் பாய்ந்தது என்ற கேள்விக்கு நேரான மறுமொழி கூறுவது அரிது. கொங்கிறீற்றுக்கு இத்தனை கோடி, வாய்க்காலின் நீளம் இத்தனை மைல், பயன்பெறும் நிலம் இத்தனை ஏக்கர் என்று அறிக்கைகள் வரும். அந்தக் கடைசித் தொகை எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால், பெரும்பாலும் திட்டம் வரைந்தவரின் மேசையிலிருந்து என்பதே விடையாகும். அணையில் தேங்கும் நீரை ஓர் ஏக்கருக்கு வேண்டிய நீரால் வகுத்தால் ஒரு தொகை கிடைக்கும். திட்டம் முடிந்ததும் அதே தொகை சாதனையாக வேடம் மாறி மேடையேறும். தலைமடையில் வயல் நிறைந்து வழியும்போது கடைமடையில் நிலம் வெடித்துக் கிடப்பது அந்தத் தொகையில் எங்கும் தெரியாது.

இதனை வெளிப்படுத்தக்கூடிய சாட்சி ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதலாவது லாண்ட்சாற் செய்மதி தொடக்கம், பூமியின் வயல்களும் காடுகளும் திகதியிட்டுப் படம்பிடிக்கப்பட்டு வருகின்றன. 1984 இல் ஏவப்பட்ட லாண்ட்சாற்-5, முப்பது மீற்றர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகக் கண்டு 2013 வரை உழைத்தது. 2008 முதல் அந்தப் படக் களஞ்சியம் எவருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. ஐரோப்பியரின் சென்டினல்-2 செய்மதிகள் 2015 முதல் பத்து மீற்றர்ப் புள்ளிகளில் படம் எடுக்கின்றன; இரண்டாவது செய்மதி 2017 இல் சேர்ந்தபின் ஐந்து நாளுக்கு ஒருமுறை அவற்றின் பார்வை நம் வயல்களின்மீது விழுகிறது. ஓர் ஏக்கர் வயல் லாண்ட்சாற் படத்தில் நாலைந்து புள்ளி. சென்டினல் படத்தில் நாற்பது புள்ளி. 1985 இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டதன் பின் மகாவலி வலயங்களில் நிகழ்ந்த மாற்றங்களை இந்தக் கண் கண்டிருக்கிறது. எந்த மந்திரியாலும் இந்தக் குறிப்பேட்டின் ஏட்டைக் கிழித்தெறிய இயலாது.

அயலிலுள்ள இந்தியா இச்சாட்சியை அழைத்துப் பார்த்த விதத்தை நாம் அறிந்திருத்தல் நன்று. அரைகுறையாய்க் கிடந்த பெருந்திட்டங்களை முடிப்பதற்கென அந்நாட்டு மத்திய அரசு 1996-97 இல் விரைவு நீர்ப்பாசனப் பயன் திட்டம் என்ற ஒன்றை ஆரம்பித்து மாநிலங்களுக்குப் பணம் வழங்கிற்று. மாநிலங்கள் இத்தனை ஹெக்டேயருக்குப் பாசனவசதி உண்டாக்கினோம் என்று எழுதி அனுப்பின. எழுதியதை எப்படி நம்புவது? 2005 மே மாதத்தில் ஏவப்பட்ட கார்ட்டோசாற்-1 செய்மதி இரண்டரை மீற்றர் நுண்மையில் படம் எடுக்க வல்லது. அதன் துணைகொண்டு ஐதராபாத்திலுள்ள தொலையுணர்வு நிலையத்தார், முதலில் கர்நாடகத்தின் மேல் கிருஷ்ணா, வங்கத்தின் தீஸ்தா ஆகிய திட்டங்களிலும், பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட பிற திட்டங்களிலும் கால்வாய்களைத் தடம்பிடித்தனர்.

அவர்கள் கையாண்ட முறை எளிது. கமக்காரர் எவருக்கும் விளங்கும். அணையிலிருந்து புறப்படும் பிரதான கால்வாய் வரைபடத்தில் சென்றபடி நிலத்திலும் செல்கிறதா என்று படத்தில் பார்த்தனர். எங்கே வெட்டப்படாமல் விடுபட்டிருக்கிறது, எங்கே புகையிரதப் பாதையைக் கடக்கும் மதகு கட்டப்படவில்லை என்று குறித்தனர். நடுவில் நூறு யார் அறுந்திருந்தால் அதற்குக் கீழே பத்து மைல் வாய்க்கால் செப்பமாய் வெட்டியிருந்தும் அதில் நீர் ஓடாது. ஆகவே அறுந்த இடத்துக்கு மேலேயுள்ள நிலத்தை மட்டும் பாசனவசதி பெற்றதாகக் கணக்கிட்டு, அதனை மாநிலம் அறிவித்த தொகையோடு ஒப்பிட்டனர். இதில் விஞ்ஞானம் பாதி, நேர்மை பாதி. செய்மதி இல்லாமலே ஒரு சைக்கிளில் கால்வாய்க் கரையோரம் சென்று இதே உண்மையைக் கண்டிருக்கலாமே என்று கேட்பார் உளர். காணலாம், ஆனால் சைக்கிளில் சென்றவரின் சொல்லை மேலதிகாரி ஏற்கமாட்டார்.

இத்தகைய நடுநிலைச் சாட்சி எவ்வளவு தேவை என்பதற்கு மகாராட்டிர மாநிலத்தின் கதை போதும். ஏறக்குறைய 70,000 கோடி ரூபா நீர்ப்பாசனத்தில் செலவான பத்தாண்டில், பாசனம் பெற்ற நிலத்தின் பங்கு 0.1 சதவீதமே உயர்ந்ததென அம்மாநில அரசின் 2011-12 ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை கூறிற்று. ஆட்சி ஆட்டம் கண்டது. துணை முதலமைச்சர் 2012 செப்டெம்பரில் பதவி துறந்தார். நவம்பரில் அதே அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையோ உயர்வு 5.17 சதவீதம் என்றது. இரண்டு மாதம் கழித்து உண்மை ஐம்பது மடங்கு வளர்ந்துவிட்டது! ஒரே அரசு, ஒரே நிலம், இரண்டு தொகைகள். எந்த வயலில், எந்தப் பருவத்தில், எந்த நீரால் என்று திகதியோடு காட்டாத புள்ளிவிபரத்தின் கதி இதுவே.

இனி, நீர் பாய்ந்ததைப் படம் எவ்வாறு காட்டும்? பச்சை இலை, சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்புக்கு அப்பாலுள்ள, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஒளியை மிகுதியாகத் திருப்பி எறியும். இவ்விரண்டின் விகிதத்தைச் செய்மதி அளக்கிறது. தரிசு நிலத்தில் விகிதம் தாழும். குடலைப் பருவத்து நெல்லில் உச்சம் தொடும். அறுவடையில் மீண்டும் விழும். ஒரு வயலின் ஏற்ற இறக்கத்தைப் பருவம் முழுவதும் தொடர்ந்து பார்த்தால், விதைத்த கிழமையும் வாடிய கிழமையும் வெளிப்படும். காலபோகத்தில் முகில் மறைத்துக் கெடுக்கும் என்பது மெய்யே. ஆயின் 2014 இல் ஏவப்பட்ட சென்டினல்-1 போன்ற ராடர்ச் செய்மதிகள் முகிலையும் இரவையும் ஊடுருவும். சேற்றுழவுக்கு நீர் தேக்கிய வயல் அவற்றின் படத்தில் கரும்பட்டையாய்த் தெரியும். நமக்கோ வேறொரு வசதியும் உண்டு. வன்னியிலும் கிழக்கிலும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை அருமை. அக்காலத்தில் பசுமையாய் நிற்கும் நெல்வயல் குளத்துநீரோ கால்வாய்நீரோ கிணற்றுநீரோ பெற்றே நிற்கிறது. வானத்தின்மேல் பழிபோட இடமில்லை.

இதனை நாம் புதிதாய்க் கற்பனை செய்யவில்லை. நம் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்டு இன்று சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் என வழங்கும் நிலையம், கர்நாடகத்தின் பத்ரா அணைக்குக் கீழேயுள்ள சுமார் 1 இலட்சம் ஹெக்டேயர் நிலத்தைச் செய்மதிப் படங்களால் ஆராய்ந்து 1997 இலேயே அறிக்கை வெளியிட்டது. கிளைக்கால்வாய் ஒவ்வொன்றாய்ப் பிரித்து, எது செழித்தது, எது பின்தங்கிற்று என்று காட்ட முடியும் என்பதே அதன் சாரம். பத்தரமுல்லையில் இருக்கும் அறிவு, முத்தையன்கட்டுக் கமக்காரரின் கைக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் சாட்சி எவ்வளவு நல்லதாயினும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது சட்டம் படித்தவனுக்கு அழகன்று. பச்சை தெரிந்தால் கால்வாய் வேலை செய்தது என்று முடிவுகட்டுவது முதலாவது தவறு. கால்வாய் ஏமாற்றியதால் கடன்பட்டுக் கிணறு வெட்டி, மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைத்த கமக்காரரின் பயிரும் பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் பச்சையைத் திணைக்களம் தன் கணக்கில் எழுதிக்கொள்ள விடலாகாது. இரண்டாவது, பத்து மீற்றர்ப் புள்ளிக்குள் ஆறடி வாய்க்கால் மறைந்துவிடும். வாய்க்காலைக் காண வேறு செய்மதியும், அதற்குப் பணமும் வேண்டும். மூன்றாவது, தரையில் இறங்கிச் சரிபார்க்காத படம் அரைச் சாட்சியே. எத்தனை வயல்களில் இறங்கிப் பார்த்தீர், எவரை வினவினீர் என்பதே கூண்டில் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

இவற்றைவிடப் பெரியதோர் ஆபத்து உண்டு. படம் நிலத்தின் நிறத்தைக் காட்டும். நிலம் எவருடையது என்பதைக் காட்டாது. மணலாற்றை அடுத்த தமிழ்க் கிராமங்களின் மக்கள் 1984 இறுதியில் தம் வயல்களையும் வீடுகளையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். வரம்பு அழிந்தது, குளங்கள் தூர்ந்தன, பற்றை வளர்ந்து மரமாயிற்று. போர் முடிந்த 2009 இல் எடுத்த படத்தை மட்டும் மேசையில் விரித்தால், அங்கே காடு என்றே செய்மதி சொல்லும். அது பொய்யன்று, ஆனால் அரை உண்மை. திரும்பி வந்தவரிடம் உறுதி எங்கே, அனுமதிப்பத்திரம் எங்கே, இது காடல்லவா என்று அதிகாரி கேட்கும்போது, வெளியேற்றத்துக்கு முந்திய ஆண்டுகளின் படத்தையும் அதே மேசையில் விரிக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். பழைய லாண்ட்சாற் படங்கள் மங்கலானவை; எல்லாப் பருவத்துக்கும் முகிலற்ற படம் கிடையாது. என்றாலும் குளத்தின் நீர்ப்பரப்பும் அதன்கீழ் வயல்வெளியும் அவற்றில் தெரியக்கூடிய அளவு பெரியவை. எந்தத் திகதியின் படம் என்று கேளாமல் எந்தப் படத்தையும் ஒப்புக்கொள்ளலாகாது.

இவ்விடத்தில் மகாவலியைக் குறித்துச் சொல்லாமல் விட இயலவில்லை. ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையோடு 1960களில் தீட்டப்பட்ட மூலத்திட்டம் 9 இலட்சம் ஏக்கருக்கு, முப்பது ஆண்டில் நீர் தருவதாகச் சொன்னது. 1977 இன் பின் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது; வடக்குப் பகுதி துரிதத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் 1979 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க மகாவலி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், மணலாற்றுப் பகுதி 1988 இல் வர்த்தமானி மூலம் மகாவலி ‘எல்’ வலயமாக்கப்பட்டது. நீர் வரவில்லை, நிர்வாகம் வந்தது. நீர்ப்பாசன அபிவிருத்தி என்ற பெயரில் காணியின்மீது அதிகாரம் எடுத்த ஒரு சபை, அந்தப் பெயருக்குரிய நீரை எத்தனை ஏக்கருக்குக் கொடுத்தது என்று கேட்பது இனத்துவேஷமா? சட்டத்தின் நோக்கம் நிறைவேறியதா என்பதே கேள்வி. வலயத்தின் எல்லையைப் படத்தின்மேல் வரைந்து, மகாவலியிலிருந்து வரும் கால்வாய் ஒன்று அதற்குள் நுழைகிறதா என்று காட்டும்படி அரசாங்கத்தைக் கேட்போம். சென்னை போகவேண்டாம், ஐதராபாத் போகவேண்டாம். ஒரு பிற்பகல் வேலை.

இரணைமடுவிலும் இதே குறை இருந்தது. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வகுக்கப்பட்ட குடிநீர்த் திட்டம், அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல எண்ணிற்று. சிறுபோகம் பாழாகும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். தாகத்தோடிருந்த உடன்பிறப்புக்கும் வயலோடிருந்த உடன்பிறப்புக்கும் இடையே வீண் மனக்கசப்பு வளர்ந்தது. முடிவில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து 2024 இல் திறக்கப்பட்டது. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் வயலுள்ள ஒரு குளத்தின் கீழ், முந்திய ஒவ்வொரு சிறுபோகத்திலும் எத்தனை ஏக்கர் விளைந்தது என்ற படவரிசையைப் பகிரங்கமாக வைத்துப் பேசியிருந்தால், ஒருவரையொருவர் பொய்யர் என்னாமல் பேசியிருக்கலாம்.

சட்டம் இடங்கொடுக்குமா என்பார்க்குச் சொல்வேன். 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1995 இல், அதே 14 ஆம் இலக்கத்தோடு வந்த விசேட ஏற்பாடுகள் சட்டம் இயந்திரப் பதிவுகளையும் கணினிச் சான்றையும், விதித்த நிபந்தனைகளுக்கு அமைய, நீதிமன்றத்தில் ஏற்க வழிசெய்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவோ, வெளிநாட்டு நிதியாயின் ஒரு இலட்சம் டொலருக்கும், உள்நாட்டு நிதியாயின் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டங்களின் விபரங்களைத் தொடங்குமுன்னரே வெளியிடும் கடமையை அமைச்சர்மேல் சுமத்துகிறது. இந்நாளில் ஐந்து இலட்சத்துக்கு ஒரு நல்ல மதகுகூடக் கட்ட முடியாதாகையால், கால்வாய்த் திட்டம் எதுவும் இப்பிரிவுக்குத் தப்பாது.

படமும் சட்டமும் தாமாக வாய்க்காலில் நீர் விடா. 1981 இல் கல்லோயாச் சமுத்திரம் கால்வாசியே நிரம்பியிருந்த பருவத்தில், இடதுகரைத் தலைமடையிலிருந்த சிங்களக் கமக்காரர் தம் பங்கைச் சுருக்கிக் கடைமடைக்கு, தமிழ் பேசுவோர் வயல்களுக்கும், நீர் அனுப்ப இணங்கினர். அன்று அவர்களிடம் செய்மதிப் படம் இல்லை. வாய்க்கால் வாய்க்காலாகக் கூடிப் பேசவைத்த அமைப்பாளர் இருந்தனர். கமக்காரர் அமைப்புகள் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்ட இடங்களில், நாளை வானிலிருந்து எத்தனை படம் இறங்கினாலும் அவை திணைக்களச் சுவரில் தொங்கும்.

ஆதலால் அடுத்த சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுமுன், ஒவ்வொரு குளத்தின் கமக்காரர் அமைப்பும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். கடந்த ஐந்து சிறுபோகங்களில் ஒவ்வொரு கிளைவாய்க்காலின் கீழும் பயிரிட்டதாக நீங்கள் பதிந்த ஏக்கர் எத்தனை, அதனைச் செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டீர்களா, ஒப்பிட்டிருந்தால் படத்தின் திகதி என்ன? மூன்று கேள்விகள் போதும். பதினான்கு வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் புவியியல் கற்கும் பிள்ளைகள், அதே ஐந்து பருவங்களின் இலவசப் படங்களை இறக்கிக் கிளைவாய்க்கால் வாரியாக ஏக்கர் எண்ணி அமைப்பின் செயலாளரிடம் கொடுக்கட்டும். பொறியியலாளர் தம் பதிவேட்டைத் திறக்கும்போது, வட்டவிதானையார் இந்தத் தாளையும் அதன் பக்கத்தில் வைக்கலாம்.