கவுன்சலிங்கில் யாரும் கேட்காத கேள்வி

பி.இ. முடித்துவிட்டு துபாய், ரியாத், மெல்பர்ன், மியூனிக் என்று வேலை தேடும் இளைஞருக்குக் கிடைக்கும் அறிவுரை எல்லாம் கடைசிக் கட்டத்தைப் பற்றியே இருக்கும். ரெஸ்யூமை இப்படி எழுது, ஐஇஎல்டிஎஸ்-க்குப் படி, நம்பிக்கையான ஏஜென்ட்டைப் பிடி, விசிட் விசாவில் போய் நேரில் இன்டர்வியூ கொடு என்பார்கள். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அவருடைய வெளிநாட்டு வாய்ப்பில் பெரும்பகுதி அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே, பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியையும் பிரிவையும் தேர்ந்தெடுத்த அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அன்று குடும்பமே சேர்ந்து கட்ஆஃப், பிளேஸ்மென்ட், ஹாஸ்டல், பஸ் ரூட் எல்லாம் விசாரிக்கிறது. இந்தக் கல்லூரியின் இந்தப் பாடப்பிரிவு தேசிய அங்கீகார வாரியத்தின், அதாவது என்பிஏ-வின், அங்கீகாரம் பெற்றதா, அது எந்த ஆண்டுவரை செல்லும் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நம் பொறியியல் பட்டதாரிகளுக்கு வெளிநாட்டில் அடைபடும் கதவுகளில் பல அங்கேதான் அடைபடுகின்றன. அந்தப் பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு அரசும் கல்லூரிகளும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2018இல் குவைத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். பொறியாளர் என்ற பதவிப் பெயரில் இருக்கும் வெளிநாட்டவர் இக்காமா என்ற வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று அந்நாட்டு மனிதவள அமைப்பு உத்தரவிட்டது. சங்கமோ இந்தியப் பட்டங்களைப் பொறுத்தவரை என்பிஏ பட்டியலையே அளவுகோலாக வைத்தது. பத்து, பதினைந்து ஆண்டுகளாக அங்கே பாலமும் குழாய்ப்பாதையும் அமைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் காகிதத்தில் பொறியாளர் அல்லாதவர்கள் ஆனார்கள். என்பிஏ உருவானதே 1994இல்தான். அதற்கு முன் படித்தவர் அந்த அங்கீகாரத்துக்கு எங்கே போவார்? என்பிஏ-விடம் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்றிருந்த ஐஐடி போன்ற பெரிய நிறுவனங்களில் படித்தவர்களும் சிக்கலில் மாட்டினார்கள். சிலர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பதவிப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் குவைத் சென்ற வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் இதைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பிரச்சினை வளர்ந்தது. முன்தேதியிட்டு ஒருவரின் தகுதியைக் கேள்வி கேட்டது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் இந்தியாவின் எந்தப் பட்டத்தை நம்புவது என்று தெரியாத ஒரு நாடு, இந்தியாவே வைத்திருக்கும் பட்டியலைக் கையில் எடுத்தது. அந்தப் பட்டியலை நம் ஊரில் யாரும் பொருட்படுத்தாமல் இருந்ததற்குக் குவைத் பொறுப்பாகாது.

இது வளைகுடாவின் தனிக் குணமும் அல்ல. 1989இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் வாஷிங்டன் உடன்பாடு என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டன. ஒரு நாட்டின் அமைப்பு அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்ற நாடுகளின் அமைப்புகளும் தம் படிப்புக்கு நிகராக ஏற்கும் என்பதே அதன் சாரம். சிங்கப்பூர் 2006இலும் மலேசியா 2009இலும் முழு உறுப்பினர்களாயின. இந்தியாவும் இலங்கையும் 2014இல் சேர்ந்தன. இந்தியா சேர்ந்தபோது எல்லா இந்தியப் பொறியியல் பட்டத்துக்கும் உலக மதிப்பு வந்துவிட்டது போலப் பேசப்பட்டது. உண்மை அவ்வளவு தாராளமானதல்ல. என்பிஏ இந்தியக் கல்லூரிகளை இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்கு. பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும் இணைவுக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. வாஷிங்டன் உடன்பாட்டின் பலன் முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே. அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழ் ஒரே மாதிரிதான் இருக்கும். கிண்டி வளாகத்தில் படித்தவருக்கும் மாவட்டத் தலைநகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இணைவுக் கல்லூரியில் படித்தவருக்கும் அதன் பலன் வெளியே ஒன்றல்ல.

போதாக்குறைக்கு, நம் கல்லூரிகளின் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை மறைக்கவே உதவுகின்றன. நெடுஞ்சாலை ஓரப் பேனர்களில் பெரிதாக இருப்பது ‘நாக் ஏ பிளஸ் பிளஸ்’. நாக் என்பது கல்லூரியை மொத்தமாக மதிப்பிடும் அமைப்பு. என்பிஏ பார்ப்பது தனித்தனிப் படிப்பை. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்பிஏ இருக்கும், சிவிலுக்கு இருக்காது. இருந்தாலும் சில ஆண்டுகளுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். நடுவில் காலாவதியாகி விட்டால் அந்த இடைவெளியில் படித்த அணிக்குப் பிற்பாடு பதில் சொல்ல ஆள் இருக்காது. இன்னொரு விஷயம் இன்றைய பெற்றோரை நேரடியாகத் தொடுவது. ஒரு படிப்பில் முதல் சில அணிகள் படித்து வெளியேறிய பிறகே அது என்பிஏ-வுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே கடந்த சில ஆண்டுகளில் எல்லாக் கல்லூரிகளும் போட்டிபோட்டுத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டிப் பிரிவுகளில் ஆரம்ப அணிகள் அங்கீகாரம் இல்லாமலே சேர்கின்றன. அந்தப் பிரிவுகளில் சேரக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சேர்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

ஆஸ்திரேலியாவுக்குப் பொறியாளராகக் குடிபெயர விரும்புபவரின் தகுதியை மதிப்பிடுவது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு. வாஷிங்டன் உடன்பாட்டுக்குள் வரும் படிப்பை முடித்தவருக்கு அங்கே நேரான வழி இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் திறனை நிரூபிக்க மூன்று விரிவான பணி அனுபவக் கட்டுரைகளோடு ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். நேர்மையாக எழுதினால் நல்ல பயிற்சிதான். ஆனால் எழுதத் தெரியாது என்ற பயத்தில் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள்; திருட்டு எழுத்து என்று பிடிபட்டால் விண்ணப்பம் போவதோடு மறுபடி விண்ணப்பிக்கவே தடை வரும். சவூதி அரேபியா 2025 ஜனவரி முதல் இந்தியர்களுக்கான வேலை விசாவுக்கு முன்பாகவே கல்வித் தகுதியைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஜூலையில், பொறியியல் சார்ந்த பணிகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் நிறுவனங்கள் அந்தப் பணிகளில் 30 விழுக்காட்டைச் சவூதியருக்கே தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மிச்சமிருக்கும் இடத்துக்குப் போட்டி கூடும்போது முதலில் கழிக்கப்படுவது சந்தேகத்துக்கு இடமுள்ள காகிதம்தான்.

நேர்வழி அடைபட்டால் ஆள் நின்றுவிடுவதில்லை, குறுக்குவழிக்குப் போகிறார். இங்கே சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் அனுமதி முறை பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளர்களை மையமாக வைத்தே இயங்குகிறது. பட்டதாரியின் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. படித்தவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்ட தமிழக இளைஞர்களில் ஐ.டி. படித்தவர்களும் இருந்தார்கள். நம்பகமான வழி இல்லாமலும் இல்லை: தமிழக அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. பொறியியல் பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

என்பிஏ பற்றிய இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. மென்பொருள் துறையில் யார் என்பிஏ கேட்கிறார்கள்? கோடு எழுதத் தெரிந்தால் போதுமே! பெரும்பாலும் சரி. ஜெர்மனி 2023 நவம்பரில் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியபோது, போதிய அனுபவமுள்ள ஐ.டி. நிபுணருக்குப் பட்டமே இல்லாமலும் நீல அட்டை என்னும் வேலை அனுமதி தர வழி செய்தது. 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டையில் வேலை கைக்கு வருமுன்னே போய்த் தேடலாம். அங்கும் பார்க்கப்படுவது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்பதே தவிர என்பிஏ அல்ல. ஆனால் மென்பொருள் என்ற ஒற்றை வாசலை நம்பி எல்லோரும் நிற்பதில் உள்ள ஆபத்தை அமெரிக்கா காட்டிவிட்டது. ஆண்டுக்கு 85 ஆயிரம் எச்1பி விசா, அதற்கும் குலுக்கல் என்றிருந்த நிலையில், 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபரின் அறிவிப்பு வந்தது. புதிதாகப் பட்டம் பெற்ற ஒருவருக்காக எந்த நிறுவனம் இதைக் கட்டும்? சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற துறைகளிலோ வரைபடத்தில் கையெழுத்திடுபவரின் உரிமம் சட்டப் பிரச்சினை. பாலம் இடிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கே இருக்கிறது. அதனால் அந்தத் துறைகளில் காகிதம் கேட்பதை வெறும் அதிகாரச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது.

அனுபவம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலப் பொறியாளர் உரிமத்துக்கு வேண்டியிருந்த கனடிய அனுபவ நிபந்தனையை 2023இல் கைவிட்டார்கள், உண்மைதான். ஆனால் கல்வித் தகுதியைப் பார்ப்பதைக் கைவிடவில்லை. அனுபவம் கல்வியோடு சேர்ந்து எடைபோடும். அதற்கு மாற்றாக நிற்பது அரிது. குவைத்தில் 2018இல் மாட்டியவர்களிடம் இல்லாத அனுபவமா?

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. அங்கீகாரமே ஒரு நாடகம். ஆய்வுக்குழு வரும் வாரத்துக்கு வண்ணமடித்து, ஆசிரியர்களை இரவல் வாங்கி, கோப்புகளை ஜோடிக்கிறார்கள். அப்படிப்பட்ட முத்திரைக்காக மாணவரை ஓடவைப்பதா என்பதே அந்த மறுப்பு. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளிக்கொணர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை மறுக்கவில்லை. அது பல்கலைக்கழக இணைவுக்காகக் காட்டிய கணக்கு. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக்குழு உறுப்பினர்களையே லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. இவற்றைப் பார்த்த பிறகு என்பிஏ மட்டும் தூய்மையானது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? ஆயினும் இந்த மறுப்பை அதன் முடிவுவரை கொண்டுபோனால் வேறு இடத்துக்கு வந்து சேரும். முத்திரையில் பொய் கலந்தால் நட்டம் கல்லூரி முதலாளிக்கல்ல. மற்ற நாடுகள் இந்தியப் பட்டம் முழுவதையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கும். ஒழுங்காகப் படித்த மாணவரும் அந்தக் கணக்கில் சேர்த்து எண்ணப்படுவார். இல்லாத ஆசிரியரைக் காட்டிய கல்லூரிமீது வரும் நடவடிக்கை அபராதத்தோடு நின்றுவிட்டால், அதன் விலையை அபுதாபியிலோ பெர்த்திலோ யாரோ ஒரு பட்டதாரி கட்டுவார். அங்கீகாரம் நம்பத் தகாதது என்பது அதைக் கடுமையாக்கச் சொல்லும் காரணம். கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் காரணமல்ல.

அரசு ஏன் வெளிநாடு போகிறவருக்காக மெனக்கெட வேண்டும் என்று கேட்பவருக்குச் சுருக்கமாக ஒன்று சொல்லலாம். ஆய்வகமும் ஆசிரியரும் உண்மையில் இருக்கும் படிப்பு ஓசூரில் வேலைக்குப் போகிறவருக்கும் அதே அளவு உதவும்.

செய்ய வேண்டியவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. பொறியியல் கலந்தாய்வு இணையதளத்தில் மாணவர் விருப்பப் பட்டியலை நிரப்பும் அதே பக்கத்தில், ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பிரிவுக்கு எதிரேயும் என்பிஏ உண்டா, எந்த அடுக்கு, எந்த ஆண்டுவரை என்று தமிழில் காட்ட வேண்டும். தகவல் ஏற்கெனவே என்பிஏ தளத்தில் இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளையின் தந்தை அங்கே போய்த் தேடுவார் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. அங்கீகாரம் காலாவதியானால் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு எழுத்தில் தெரிவிப்பதைப் பல்கலைக்கழகம் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாம் அடுக்குக் கல்லூரிகளில் தரமானவற்றை வாஷிங்டன் உடன்பாட்டுக்குள் கொண்டுவரும் வழியை மாநில அரசு என்பிஏ-வுடன் பேச வேண்டும். ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டவருக்கு வழிகள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை: உடன்பாட்டு நாடு ஒன்றில் முதுகலை, அல்லது தன் வேலையைத் தானே நேர்மையாக எழுதி வைக்கும் அனுபவக் கோப்பு. ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன், போகும் நாட்டில் தன் துறைக்கு உரிமம் தரும் அமைப்பு எது, அது தன் பட்டத்தை ஏற்குமா என்று அந்த அமைப்புக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். பதில் வர சில வாரம் ஆகலாம். ஏஜென்ட்டோ நாளைக்கே முன்பணம் கட்டச் சொல்வார்.