குடி போனா மட்டும் ஊராகிடுமா?

ட்விட்டர் மேல கோபம் வந்தா மூட்டையக் கட்டிட்டுக் கிளம்புறது ஒரு வழக்கமாவே போச்சு மக்களே.

2019 நவம்பர்ல உச்சநீதிமன்ற வக்கீல் சஞ்சய் ஹெக்டேவோட கணக்கை முடக்கிட்டாங்கன்னு இந்தியாவுல ஒரு பெரிய கூட்டம் மாஸ்டோடானுக்குப் போச்சு. பல பேர் சத்தமில்லாம திரும்பிட்டாங்க. 2022 அக்டோபர்ல எலான் மஸ்க் 4,400 கோடி டாலர் குடுத்து ட்விட்டரை வாங்கினப்ப ஊரே கிளம்புச்சு. மாஸ்டோடானை மாசம் ஒரு தடவையாவது எட்டிப் பாக்குறவங்க கிட்டத்தட்ட 3 லட்சத்துல இருந்து 25 லட்சம் ஆனாங்க. "ட்விட்டர் காலி"ன்னு ஆளாளுக்கு எழுதித் தள்ளினாங்க. 2023 ஆரம்பத்துலயே அந்தக் கணக்கு இறங்கிடுச்சு. 2024 ஆகஸ்ட் கடைசியில எக்ஸை (ட்விட்டரோட புதுப்பேரு தான்) பிரேசில்ல தடை பண்ணினப்ப, லட்சக்கணக்குல ஆளுங்க ப்ளூஸ்கைக்கு ஓடினாங்க.

கோபம் ஆளைக் கூட்டிட்டு வரும், ஆனா உக்கார வைக்காது. உக்கார வைக்கிறது பேசிப் பழகின நாலு பேர் தான். அந்த நாலு பேரும் ஒண்ணா கிளம்பலைன்னா, புது வீட்டுல எத்தனை நாள் தனியா பேசிட்டு இருக்க முடியும்?

அப்போ மாஸ்டோடான் தோத்துடுச்சா? என்னைக் கேட்டா, இல்லை. எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுறோமே தவிர, நாளைக்குக் கிளம்பணும்னா எதை எடுத்துட்டுப் போக முடியும்னு யாரும் கேக்கறதில்ல. மாஸ்டோடான்ல சர்வர் பிடிக்கலைன்னா வேற சர்வருக்கு மாறலாம், பின்தொடர்றவங்களும் கூடவே வந்துடுவாங்க. 2023ல மாஸ்டோடான்.லால்ங்கற சர்வரை நடத்தினவர் வெறுத்துப் போய் மூடினப்ப, அங்க இருந்தவங்களுக்கு அந்த வழி இருந்துச்சு. எக்ஸ்ல இது நடக்குமா?

ஆனா இதுலயும் ஒரு ஓட்டை. எழுதின பழசு எதுவும் கூட வராது. சொந்தபந்தம் வரும், வீட்டுச் சாமான் வராதுங்கற கதை :-)

பொட்டி தட்டுற எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது முடியாத வேலை இல்ல. ப்ளூஸ்கையோட வடிவமைப்புல, எழுதினதையும் சேத்தே வேற சர்வருக்கு மாத்த வழி இருக்கு. கொடுமை என்னன்னா, அங்க பெரும்பாலானவங்க அந்தக் கம்பெனி சர்வர்லயே தான் குடியிருக்காங்க. கதவு திறந்திருக்கு, யாரும் வெளிய வரலை. நாளைக்கு அந்தக் கம்பெனியும் கைமாறினா?

அதனால அடுத்த தடவை கோபத்துல கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. உங்க நாலு பேரும் கூட வர்றாங்களா? எழுதினதை எடுத்துட்டு வெளிய வர முடியுமா? ரெண்டுக்கும் ஆமான்னா தாராளமா போங்க. இல்லைன்னா பழைய வீட்டுக்காரனுக்குப் பதிலா புது வீட்டுக்காரன், அவ்ளோ தான்.

மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து மொத்துங்க!